கோபால் வைத்த புள்ளி

கோபாலுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் கோபால் இல்லை. அது அவர் வேலை பார்த்த மொழியின் பெயர். கணினிக்கு வேலை சொல்வதற்கென்றே மனிதர்கள் உண்டாக்கிய மொழிகளில் அது ரொம்பப் பழசு. உண்டாக்கியவர்கள் எப்படி உச்சரித்தார்களோ தெரியாது, நம் வாயில் அது கோபால்தான். பேருந்துக் கம்பெனி அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்த ஆள் அவர் ஒருவர். "கோபால் தெரிஞ்சவரைக் கூப்பிடு" என்பது நாளடைவில் "கோபாலைக் கூப்பிடு" என்று சுருங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டது.

இதெல்லாம் அவர் மனைவிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் டெலிபோன் அடித்தது. கோபால் இருக்காரா என்று கேட்டார்கள். அப்படி யாரும் இங்க இல்லைங்க என்று வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் சுள்ளென்றே சொன்னாள். உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருந்த கணவர், "யாரும்மா போன்ல?" என்றார்.

"யாரோ கோபாலாம். திருப்பித் திருப்பிக் கேக்கறாங்க."

அவர் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார். "அது நான்தான்."

"அப்ப கல்யாணப் பத்திரிகையில இருக்கறது யாரு?"

அதைவிடப் பெரிய கூத்து அவள் அம்மா வந்திருந்தபோது நடந்தது. மாப்பிள்ளை போனில் யாரிடமோ, "கோபால் செத்துட்டான்னு பத்து வருஷமாச் சொல்லிட்டு இருக்காங்க சார். நான் தினமும் பாத்துட்டுதானே இருக்கேன்" என்று சொன்னது அந்த அம்மாள் காதில் விழுந்துவிட்டது. முகத்தில் ஈயாடாமல் சமையலறைக்கு வந்து, "மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுடி. செத்த ஆளைத் தினமும் பாக்கறாராம்" என்றாள். மகளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மாளுக்குச் சந்தேகம் கடைசிவரை முழுதாகப் போகவில்லை.

மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வீட்டு முன்னறையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கு டியூஷன் எடுத்ததால் தெருவே அவளை டீச்சர் என்றது. கணவரும் பாதி கிண்டலாக அப்படியே கூப்பிட்டார். ஆக, அந்த வீட்டில் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கோபாலின் வேலை வெளியில் இருந்து பார்த்தால் ஒரு காகிதம். எந்த ஓட்டுநர் எந்தப் பேருந்தை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எங்கே நிறுத்திச் சாப்பிட வேண்டும், எப்போது கொண்டுவந்து விட வேண்டும் என்று அவருடைய புரோகிராம் ஒவ்வொரு சாயங்காலமும் கணக்குப் போட்டு அச்சடிக்கும். டிப்போவின் வாசல் சுவரில் அதை ஒட்டுவார்கள். டியூட்டி ஷீட் என்று அதற்குப் பெயர். அந்தச் சுவரில் இருப்பதுதான் சட்டம். சட்டப் புத்தகம் என்று தனியாக ஒன்று பெரிய அலுவலக அலமாரியில் இருந்தது. அதை யாரும் எடுத்துப் பார்த்ததாக நினைவில்லை.

அவருடைய மொழியில் ஒரு விசேஷம். அது வாக்கியம் வாக்கியமாக எழுதப்படும்; வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அர்த்தம் மாறும், ஒன்று கூடிப்போனாலும் அர்த்தம் மாறும். இப்படியே பழகிய கை வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. கடைக்கு எழுதும் சீட்டில் கூட "பால். சோப்பு. பல்பு." என்றுதான் இருக்கும். வெளியூரில் படிக்கும் மகள் அம்மாவிடம் புலம்புவாள்: "அப்பா மெசேஜ் பாத்தா எம்மேல கோவமா இருக்கற மாதிரியே இருக்கும்மா. சாப்பிட்டாயான்னு கேட்டுட்டு அதுக்கும் புள்ளி வைக்கிறாரு. கேள்விக்கு யாராவது புள்ளி வைப்பாங்களா?"

"உங்கப்பா கேள்வியே கேக்க மாட்டாருடி. முடிச்சுத்தான் வைப்பாரு," என்பாள் டீச்சர்.

அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவருடைய மொழிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். புதுமொழி ஒன்று கிளம்பியதும் டை கட்டிய ஒருவர் அலுவலகத்துக்கு வந்து, சுவரில் படம் காட்டி, இனிமேல் எல்லாம் இதுதான் என்பார். ஜாவா வந்தது. அது உலகத்தையே சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளும் என்றார்கள். நிறையவே சுருட்டவும் செய்தது. அதற்குப் பின்னால் வந்த நாலைந்து பெயர்கள் யாருக்கும் மனசில் நிற்கவில்லை. வந்த வேகத்தில் போய்விட்டன. கோபால் எல்லாவற்றையும் முன்வரிசையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "முப்பது வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் படிச்சாலும் இது புரியுமா சார்?" டை கட்டியவர் தண்ணீர் குடிப்பார்.

ஒருவர், "உங்க சிஸ்டம் துருப்பிடிச்சுப் போச்சு சார்" என்று ஆரம்பித்தார். பேச்சின் முடிவில், தாங்கள் எழுதப்போகும் புதுமொழியின் பெயர் ரஸ்ட் என்றார். ரஸ்ட் என்றால் துரு. கோபால் அங்கே சிரிக்கவில்லை, மரியாதையான மனிதர். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தவர் சாப்பிட்டு முடிக்கும் வரை சிரித்தார். "துருப்பிடிச்சதை எடுத்துட்டுத் துருவையே வைக்கப் போறாங்களாம் டீச்சர்."

சிரித்தாலும் அவர் விவரம் தெரியாதவர் இல்லை. புதுமொழிகள் மேல் அவருக்கு வன்மம் கிடையாது. தன் மொழியைப் படிக்க இளவட்டம் யாரும் வருவதில்லை, தான் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் புரோகிராமை யார் தலையில் கட்டுவது என்று கம்பெனிக்குத் தெரியவில்லை, அதனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். மாற்றப்போவது யார் என்பதுதான் தெரியாது.

மகள் வெளியூர் போனபின் வீடு வெறிச்சென்று ஆனது. டியூஷன் பிள்ளைகளும் போனில் பாடம் பார்க்கக் கற்றுக்கொண்டு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். டீச்சர் கொஞ்ச நாள் அலமாரிகளை அடுக்கிப் பார்த்தாள். பிறகு ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு போய் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்தாள்.

"என்ன மொழி?" என்றார் கோபால்.

"பைதான்."

"மலைப்பாம்பா? என்னை ஒரு வார்த்தை கேக்காம வீட்டுக்குள்ள பாம்பைக் கொண்டாந்துட்டியே."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் இரண்டு கணினிகள். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அவள், நடுவில் ஊறுகாய் பாட்டில். அவள் மொழியில் முற்றுப்புள்ளி கிடையாது என்று தெரிந்ததும் கோபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"புள்ளியே இல்லாம, முடிஞ்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"இடம் விடறதை வச்சுத்தாங்க. ஒரு நிபந்தனைக்குக் கீழ வர்றதெல்லாம் கொஞ்சம் உள்ள தள்ளி எழுதணும். அடுத்த வரி வெளிய வந்துட்டா அந்த நிபந்தனை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"யாராவது எழுந்து வெளிய போனாத்தான் பேச்சு முடிஞ்சுதுன்னு தெரியுமா? அது நம்ம வீட்டுச் சண்டை மாதிரில்ல இருக்கு."

"நீங்க எல்லாத்துக்கும் புள்ளி வைக்கிற ஆளு. நான் இடம் விடற ஆளு. அதனாலதான் குடும்பம் ஓடுது."

"இடம் விடறது எங்ககிட்டயும் உண்டு," என்றார் அவர். "நாங்க அதைப் பெருசாப் பேசறதில்லை."

டீச்சருக்கு அந்த மொழி கையில் வெண்ணெய் மாதிரி வந்தது. கணக்குப் போட்ட மூளை. வகுப்பு முடிந்ததும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. முதல் நாள் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு வந்தவள், கணவர் வெங்காயம் நறுக்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முடிந்தபாடில்லை.

"என்னங்க, எனக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க தெரியுமா? உங்க புரோகிராமை எடுத்துட்டுப் புதுசா எழுதணுமாம்."

கத்தி நின்றது. "நல்லது," என்றார். அந்தப் புள்ளி அவள் காதில் விழுந்தது. அப்புறம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எவனோ வந்து பண்றதுக்கு நீயே பண்ணு. வீட்டுக்குள்ளயே இருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றே வைத்துக்கொள்வோம்.

சில மாதங்களில், சட்டப் புத்தகத்தின் நகலைப் பார்த்து எழுதிய டீச்சரின் புரோகிராம் எழுந்து நின்றது. பழசும் புதுசும் கொஞ்ச நாள் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி ஷீட் கொடுத்தால்தான் பழசை நிறுத்துவது என்று ஏற்பாடு. நிறுத்தும் நாளில் கோபாலுக்கு ஒரு சின்ன விழா எடுக்கவும், "பிழையே இல்லாத பணிக்கு" என்று எழுதிய கேடயம் கொடுக்கவும் அலுவலகம் முடிவு பண்ணியிருந்தது. இந்த விஷயத்தைக் காதும் காதும் வைத்த மாதிரி டீச்சரிடம் சொல்லியிருந்தார்கள். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்னறையில் எந்தச் சுவரில் மாட்டுவது என்று கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

சோதனை ஷீட் ஒட்டிய முதல் நாள் டிப்போவுக்கு அவளே போனாள். பழைய ஷீட்டும் புது ஷீட்டும் சுவரில் ஜோடியாக இருந்தன. ஓட்டுநர்கள் கூடி நின்று பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் ஹாரன் அண்ணன் என்பார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் ஹாரனையே தொட்டதில்லை, அதனால் அந்தப் பெயர். அவர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி, இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

"டீச்சரம்மா, உங்க ஷீட்டு பாக்க அழகா இருக்கு. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு. ஆனா எங்க சாப்பாட்டுல கை வைக்குதே."

அப்போதுதான் டீச்சரும் கவனித்தாள். பழைய ஷீட்டில் மத்தியானம் எல்லாருக்கும் அரை மணி ஓய்வு. அவளுடைய ஷீட்டில் தொலைதூரத் தடம் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அரை மணி, மற்றவர்களுக்கு இருபது நிமிஷம்.

அவளுடைய குழுத் தலைவன் இளைஞன். எல்லாரும் லீட் என்று கூப்பிடுவார்கள், அவள் மட்டும் தம்பி என்பாள். அவன் சட்டப் புத்தகத்தின் நகலைப் புரட்டிக் காட்டினான். "நீங்க எழுதினது சரிதான் அக்கா. இங்க பாருங்க, தொலைதூரத்துக்குத்தான் அரை மணி. பழைய புரோகிராம்லதான் தப்பு இருக்கு. எந்த இடம்னு மட்டும் கண்டுபிடிங்க, ரிப்போர்ட்ல போட்டுடலாம்."

இப்படித்தான் டீச்சர், இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் பார்க்காத ஒன்றை, கணவர் எழுதிய புரோகிராமை, உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். வாக்கியங்கள் நிதானமாகப் போயின. அவசரம் இல்லை, அலட்டல் இல்லை. நடுநடுவே அடுத்து வருகிறவருக்கென்று குறிப்புகள்: "இந்த வரியை மாற்றினால் கீழே உள்ளதையும் மாற்றவும். நன்றி." அடுத்து வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்லி வைத்திருக்கிற மனிதர். அந்த அடுத்த ஆள் தான்தான் என்று உணர்ந்து டீச்சர் அந்தக் குறிப்பை இன்னொரு தடவை படித்தாள். கட்டிக்கொண்ட நாளில் கூட அவரை இவ்வளவு பிடித்ததாக அவளுக்கு நினைவில்லை.

அடுத்த பக்கத்தில் அந்த இடம் வந்தது. நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: "தடம் தொலைதூரம் என்றால் சாப்பிடும் இடத்தை மாற்று. ஓய்வை அரை மணி ஆக்கு."

மாற்று என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி. அது அங்கே இருக்கவே கூடாது. 'தொலைதூரம் என்றால்' என்ற நிபந்தனை அந்தப் புள்ளியோடு முடிந்துபோகிறது. புள்ளிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அரை மணிக்கு நிபந்தனையே இல்லை. அது எல்லாருக்கும். ஒருசிலருக்கென்று இருந்த ஓய்வை அந்த ஒரு புள்ளி டிப்போ முழுக்கப் பங்கு வைத்துவிட்டது.

"கிடைச்சுதா அக்கா?" என்றான் லீட்.

"பாத்துட்டு இருக்கேன் தம்பி," என்றாள். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுத்தவள். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சொன்னால் கேடயம் போகும். வாழ்நாள் முழுக்கப் புள்ளி புள்ளி என்று உயிரை விட்டவர், ஒரு புள்ளியிலேயே தவறிவிட்டார் என்று அலுவலகம் சிரிக்கும். சிரிக்க வைத்தது அவர் பெண்டாட்டி என்று ஆகும். சொல்லாவிட்டால் அவளுடைய புரோகிராம் தேறாது. வழியெல்லாம் இதையே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் விடை நன்றாக வரவில்லை.

சாயங்காலம் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், சாப்பாட்டை ஏன் தட்டுலயே ஓட்டிட்டு இருக்கே?"

அவள் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "தொலைதூரத் தடம்னா இடத்தை மாத்துன்னு ஒரு வரி. அதுக்குக் கடைசியில ஒரு புள்ளி."

கோபால் டம்ளரைக் கீழே வைத்தார். "பாத்துட்டியா."

அவர் அதிர்ந்துபோவார், தேற்ற வேண்டியிருக்கும் என்று வரும் வழியில் ஆறுதல் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அவர் அதிரவில்லை. ஊறுகாயை நகர்த்தி வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். வச்ச மறுவருஷமே தெரியும்."

டீச்சருக்குச் சுர்ரென்று வந்தது. தெரியாமல் செய்த தப்புக்கு மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தாள். தெரிந்தே விட்டதற்கு அவளிடம் ஒன்றும் தயாராக இல்லை. "தெரிஞ்சா எடுக்க வேண்டியதுதானே?"

"எடுக்கத்தான் போனேன். விரல் பட்டன் மேலயே இருந்துச்சு. எதுக்கும் டிப்போவுல ஒருதடவை பாத்துட்டு வந்துடலாம்னு மத்தியானம் கிளம்பிப் போனேன்." கோபால் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "முன்னாடியெல்லாம் நின்னுட்டே சாப்பிடுவாங்க டீச்சர். ஒரு கையில டப்பா, வாயில சாப்பாடு, கண்ணு கடிகாரத்துல. அன்னிக்குப் போனா எல்லாரும் உக்காந்திருக்காங்க. கை கழுவிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தர் வீட்டுக்குப் போன் பேசறாரு. ஹாரன் அண்ணன் இருக்காரே, அவரு பெஞ்சுல சாஞ்சு கண்ணை மூடிட்டு இருந்தாரு. திரும்பி வந்துட்டேன். எடுக்கல."

"அது தப்புங்க."

"தப்பா விழுந்த புள்ளிதான். ஆனா தப்பா நிக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீயும் சேந்து மறைக்கணும். தப்பு பண்றதுக்கு வீட்டுல ஒருத்தர் போதும்னு நெனச்சேன்." அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு நீ என்ன பாத்தியோ அதை அப்படியே சொல்லிடு. எனக்காகப் பூசி மெழுகாதே."

"கேடயம்?"

"அது உனக்கும் தெரியுமா? பிழையே இல்லாதன்னு எழுதியிருக்காங்களாம். விடு, சுவத்துல ஆணி அடிக்கற வேலை மிச்சம்."

டீச்சருக்குக் கோபம் ஒரு பக்கம். அவர் டிப்போவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த காட்சி இன்னொரு பக்கம்.

மறுநாள் பேருந்துக் கம்பெனியின் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். மேசைத் தலைப்பில் பெரிய மேடம். பேருந்துகள் ஓடுவதும் நிற்பதும் அவர் பொறுப்பு. ஒரு பக்கம் லீட்டும் டீச்சரும். கடைசி நாற்காலியில் கோபால், வழக்கம்போலச் சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு. டீச்சர் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கணவர் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

பெரிய மேடம் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மூடினார். "கோபால் சார், இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

லீட் வாயைப் பிளந்தான்.

"தெரிஞ்சும் ஏன் சரி பண்ணலை?"

"பண்ணியிருக்கணும். இல்லேன்னா சட்டத்தை மாத்துங்கன்னு வந்து கேட்டிருக்கணும். கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதனால கேக்கவே இல்லை."

பெரிய மேடம் கெட்டவர் இல்லை, கறாரானவர். "அரை மணி அதிகம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதை முடிவு பண்றது உங்க வேலை இல்லையே சார். ஒரு புள்ளியை வச்சு நீங்களே சட்டம் போட்டுட்டீங்க." கோபால் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "அந்தக் கேடயத்தை நான் இப்ப எப்படிக் குடுக்கறது?"

"வேணாம் மேடம். குடுத்தா அது பொய் சொல்லும்."

அழக் கூடாது என்று டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போர்டுக்கு எழுதறேன்," என்றார் பெரிய மேடம். "அவங்க கூடி, பேசி, பதில் சொல்ல நாளாகும். அதுவரைக்கும் புது புரோகிராம் என்ன பண்ணும்?"

"சட்டப் புத்தகத்துல இருக்கற மாதிரிதான் மேடம். எங்க ஒப்பந்தமும் அப்படித்தான்," என்று லீட் ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றாள் டீச்சர். டியூஷனில் பின்வரிசைப் பையன்களை அடக்கிய குரல். அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. "மேடம், ரெண்டு ஷீட்டும் ஒத்துப் போனாத்தான் புதுசை எடுத்துக்குவோம்னு சொன்னது நீங்க. நான் ஒத்துப் போக வைக்கிறேன். எல்லாருக்கும் அரை மணி. ஆனா ஒளிச்சு வைக்க மாட்டேன். அந்த வரிக்கு மேலயே எழுதறேன்: இது சட்டப் புத்தகத்துல இல்லை, போர்டு பதிலுக்காகக் காத்திருக்கு, எழுதினது நான்னு என் பேரோட. வேணாம்னா நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அன்னிக்கே குறைச்சுடறேன்."

"கையெழுத்து நான் போடணுமா?"

"சாப்பாட்டு நேரத்தைக் குறைக்கறதுன்னா, யாராவது பேர் போட்டுத்தானே மேடம் குறைக்கணும்."

முதல் வேலை இது, இன்றோடு போய்விடும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். பெரிய மேடம் பேனாவை எடுத்தார், கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், மறுபடி மூடி போட்டுப் பையில் வைத்தார்.

"போர்டு பதில் வரட்டும்," என்றார். பிறகு கடைசி நாற்காலியைப் பார்த்து, "கோபால் சார், பழைய புரோகிராமை நிறுத்தினதுக்கு அப்புறம் நீங்க டிப்போவுக்குப் போயிடுங்க. ஷீட்டுல குறை இருந்தா டிரைவருங்க சொல்றதைக் கேட்டு எழுதி அனுப்பற வேலை. இனிமே எதுவா இருந்தாலும் எங்ககிட்ட வந்து கேளுங்க" என்றார். அது தண்டனையா பரிசா என்று கோபாலுக்கு விளங்கவில்லை. பெரிய மேடத்துக்கும் விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

அன்று மத்தியானம் டீச்சர் தன் புரோகிராமில் அந்த இடத்தைத் திறந்தாள். அவள் மொழியில் வைப்பதற்குப் புள்ளி இல்லை. நிபந்தனைக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றுகொண்டிருந்தது அரை மணி. முன்னால் விட்டிருந்த இடத்தை அழித்து அந்த வரியை வெளியே இழுத்து ஓரத்தில் நிறுத்தினாள். அவ்வளவுதான். எல்லாருக்கும் ஆகிவிட்டது. அதற்கு மேலே சொன்னபடி குறிப்பு எழுதி, தன் பேரைப் போட்டாள். கொஞ்சம் யோசித்து, கடைசியில் "நன்றி" என்றும் சேர்த்தாள். அது யாருக்கு என்று லீட் கேட்கவில்லை.

விழா நடக்கவில்லை. பழைய புரோகிராம் கடைசி ஷீட்டை அச்சடித்த சாயங்காலம் கோபாலும் டீச்சரும் மட்டும் பக்கத்தில் நின்றார்கள். காகிதம் வந்து முடிந்ததும் அவர் அதைக் கிழித்து, ஒருமுறை படித்து, அவள் கையில் கொடுத்தார். "சரியா இருக்கு," என்றார். வீட்டுக்கு நடக்கும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

மறுநாள் சுவரில் டீச்சரின் ஷீட் மட்டும் இருந்தது. அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, எங்கிருந்தாவது குறை வருமோ என்று போனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மத்தியானம் போன் மினுங்கியது. டிப்போவிலிருந்து கோபாலின் மெசேஜ்.

"எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்"

இரண்டு தடவை படித்தாள். என்னமோ இடித்தது. மூன்றாம் தடவை புரிந்தது. கடைசியில் புள்ளியைக் காணோம். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் பால் சீட்டில் கூட விட்டதில்லை. ஒருவேளை இனிமேல்தான் வருமோ என்று கொஞ்சம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. பயந்துபோய்ப் போன் போட்டாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன்?"

"கடைசியில புள்ளி வைக்கல."

அந்தப் பக்கம் டப்பா மூடிகளின் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டது. கோபால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இன்னும் முடியலையே டீச்சர். சாப்பிட்டுட்டுத்தானே இருக்காங்க."